வடஆற்காட்டைப் பற்றி எழுதும்போது ரெஃபரன்ஸ் பட்டியல்: சில அனுபவங்கள்

"எல்லாம் முடிஞ்சது மேடம், ரெஃபரன்ஸ் மட்டும்தான் பாக்கி." வேலூரில் ஆய்வு மாணவர்களோடு பழகுகிற எல்லோருக்கும் இந்த வாக்கியம் பழக்கமானது. சிஎம்சியில் முதுநிலை மருத்துவம் படிப்பவர்கள், விஐடியில் பிஎச்டி செய்பவர்கள், சேர்க்காட்டில் இருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டு கல்லூரியில் பாடமும் எடுப்பவர்கள் என்று இங்கே கட்டுரை எழுதுபவர்களுக்குக் குறைவே இல்லை. நான் கடைசி வகை. பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரில் குரோமியம் எவ்வளவு என்று பகுதிநேரமாக ஆய்வு செய்து முடித்தேன். இப்போது வேதியியல் பாடம் எடுக்கிறேன். என்னிடம் வரும் மாணவர்களின் மேனுஸ்கிரிப்டை ஜர்னலுக்கு அனுப்பும் முன் பார்த்துக் கொடுக்கிறேன்.

அப்படிப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று உண்டு. முற்றுப்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்பதெல்லாம் அடுத்த வேலைதான். நாம் சொன்ன ஆதாரத்தைத் தேடி இன்னொருவர் போனால் அவர் போய்ச் சேர வேண்டும். ரெஃபரன்ஸ் பட்டியல் இருப்பதே அதற்காகத்தான். நம் வேலூர் மாவட்டத்தை, அதாவது பழைய வடஆற்காட்டைப் பற்றி எழுதுபவர்களுக்கு இது கூடுதல் கடமை. பழைய அரசு அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு, பெயர் மாறிய மாவட்டம், இனிஷியல் வைத்த பெயர்கள் என்று நம் ஆதாரங்கள் எளிதில் தொலைந்துபோகிற வகையைச் சேர்ந்தவை.

முதலில் சுலபமானதைச் சொல்லிவிடுகிறேன். எந்த ஜர்னலுக்கு அனுப்பப் போகிறீர்களோ அதன் ஆசிரியர் வழிகாட்டியைத் திறந்து, முதல் சமர்ப்பிப்புக்கே அவர்களுடைய ஸ்டைல் வேண்டுமா என்று பாருங்கள். எல்சவியரின் பல ஜர்னல்கள் முதல் சுற்றில் எந்த ஸ்டைலாக இருந்தாலும் ஏற்றுக்கொள்கின்றன. பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும். கட்டுரை ஏற்கப்படுமா என்று தெரிவதற்கு முன்பே இரண்டு இரவு கண் விழித்துக் கமா மாற்றுவது வீண் உழைப்பு. வழிகாட்டியைப் படித்த கையோடு அதே ஜர்னலில் இந்த ஆண்டு வந்த ஒரு கட்டுரையையும் பிரித்துப் பாருங்கள். வழிகாட்டி பழையதாக இருக்கலாம், அச்சில் வந்திருப்பது இன்றைய நடைமுறை. இரண்டும் முரண்பட்டால் நான் அச்சில் இருப்பதைத்தான் பின்பற்றச் சொல்வேன்.

ஸ்டைல்களில் இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்று எண் முறை, இன்னொன்று ஆசிரியர் பெயரும் ஆண்டும் போடும் முறை. மருத்துவ ஜர்னல்களில் பெரும்பாலும் எண் முறையான வான்கூவர் ஸ்டைல்தான். 1978-ல் மருத்துவ இதழ் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி, கட்டுரைகளுக்குப் பொதுவான வடிவம் வேண்டும் என்று பேசியதிலிருந்து வந்த பெயர் அது. அந்தக் குழுதான் இன்று ஐசிஎம்ஜேஇ. வான்கூவரில் பொதுவாக முதல் ஆறு ஆசிரியர்களின் பெயரைப் போட்டு அப்புறம் 'எட் ஆல்', அதாவது 'மற்றும் பிறர்'. சமூக அறிவியல் பக்கம் அதிகம் புழங்கும் ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) ஸ்டைலின் ஏழாம் பதிப்பில் இருபது பெயர் வரை பட்டியலில் வர வேண்டும். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை, ரெஃபரன்ஸ் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

மென்பொருள் பார்த்துக்கொள்ளாத ஒன்றைச் சொல்கிறேன். எண் முறையில், கட்டுரையில் முதலில் வரும் ஆதாரத்துக்கு 1, அடுத்ததற்கு 2 என்று போகும். அட்டவணைக்குள் மட்டும் வரும் ஆதாரங்களுக்கு எந்த எண்? அந்த அட்டவணை கட்டுரையில் எந்த இடத்தில் முதன்முதலாகச் சுட்டப்படுகிறதோ, அந்த இடத்து வரிசைப்படி எண் தர வேண்டும் என்பது ஐசிஎம்ஜேஇ விதி. நம் மாணவர்கள் அட்டவணைகளை மேனுஸ்கிரிப்டின் கடைசியில் வைப்பார்கள். மென்பொருள் கோப்பில் இருக்கும் வரிசையைப் பார்த்து அவற்றுக்குக் கடைசி எண்களைக் கொடுத்துவிடும். முந்தைய ஆய்வுகளின் குரோமியம் அளவுகளை ஒரே அட்டவணையில் தொகுத்திருந்த ஒரு மாணவியின் கட்டுரை, இந்த ஒரே காரணத்துக்காக மதிப்பாய்வுக்குப் போகாமலே திரும்பி வந்தது. எழுதும்போது அட்டவணையை அது சுட்டப்படும் பத்திக்குக் கீழேயே வைத்துக்கொள்ளுங்கள். எண்கள் நிலைத்த பிறகு கடைசிக்கு நகர்த்தலாம்.

மென்பொருள் என்றால் நான் பரிந்துரைப்பது ஜோட்டெரோ. இலவசம், 2006-லிருந்து இருக்கிறது, அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மெண்டலி, எண்ட்நோட் பழகியவர்கள் அதிலேயே தொடரலாம். ஆனால் ஒரு கட்டுரைக்கு ஒரே மென்பொருள்தான். கைடு ஒன்றிலும் ஸ்காலர் இன்னொன்றிலும் மாற்றி மாற்றி ஆதாரம் செருகினால் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணாது. ஆதாரம் செருகும் பொறுப்பை ஒருவரே வைத்துக்கொண்டு மற்றவர்கள் கமெண்டில் எழுதுவதே நல்லது.

எந்த மென்பொருளும் நாம் உள்ளே போட்டதைத்தான் வெளியே தரும். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அறிக்கை பாலாறு பற்றிய எந்தக் கட்டுரையிலும் வரும். ஆங்கிலத்தில் அதன் பெயர் சென்ட்ரல் கிரவுண்ட் வாட்டர் போர்டு. இதை ஆசிரியர் பெயர்க் கட்டத்தில் அப்படியே போட்டால் மென்பொருள் 'போர்டு' என்பதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, 'போர்டு சிஜிடபிள்யூ' என்று ஓர் ஆளை உருவாக்கிவிடும். உலக சுகாதார நிறுவனமும் 'ஆர்கனைசேஷன் டபிள்யூஹெச்' ஆகும். ஜோட்டெரோவில் பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் இரண்டு கட்டம் ஒன்றாகிவிடும், நிறுவனப் பெயர் உடையாது. என் கைக்கு வரும் பட்டியல்களில் நான் முதலில் தேடுவது இந்த இரண்டு பெயர்களைத்தான்.

தலைப்புகளை எப்போதும் வாக்கிய வடிவில், அதாவது முதல் எழுத்து மட்டும் பெரிய எழுத்தாகச் சேமியுங்கள். அதிலிருந்து எல்லாச் சொல்லுக்கும் பெரிய எழுத்துப் போடும் வடிவுக்கு மென்பொருள் தானே மாற்றும், எதிர்த் திசையில் மாற்றாது. நீங்களே வாக்கிய வடிவுக்கு மாற்றிய பிறகு பாலாறு, ராணிப்பேட்டை போன்ற பெயர்களின் முதல் எழுத்து சிறிதாகிவிட்டதா என்று கண்ணால் பாருங்கள். பாக்டீரியாவின் அறிவியல் பெயர் சாய்வெழுத்தில் வருகிறதா, வேதிக் குறியீட்டில் கீழெழுத்து இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.

பக்க எண்ணிலும் ஒரு சிக்கல். இணையத்தில் மட்டும் வரும் ஜர்னல்கள் பலவற்றில் பக்க எண்ணே கிடையாது, கட்டுரை எண்தான். நம் பிள்ளைகள் பிடிஎஃப்பில் 12 பக்கம் இருப்பதைப் பார்த்து 1-12 என்று எழுதிவிடுகிறார்கள். அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கட்டுரை எண்ணையும், கட்டுரையின் நிரந்தர இணைய அடையாளமான டிஓஐயையும் கொடுங்கள். ஆண்டும் அப்படித்தான். டிசம்பரில் இணையத்தில் வந்து, மார்ச்சில் இதழோடு சேரும் கட்டுரைக்கு, தொகுதி எண் எந்த ஆண்டுக்கு உரியதோ அந்த ஆண்டைப் போட வேண்டும்.

இனி, பெயர்கள். இதில் நாம் மற்றவர்களைவிட அதிகம் கவனமாக இருக்க வேண்டும். அப்பா பெயர் கோவிந்தன், மகள் பெயர் செல்வி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கோ. செல்வி என்று கையெழுத்திடுவார். ஜர்னலின் படிவம் குடும்பப் பெயர் கேட்கும்போது, ஒரு கட்டுரையில் செல்வி என்று நிரப்புகிறார், அடுத்ததில் சக ஆசிரியர் யாரோ கோவிந்தன் என்று நிரப்பிவிடுகிறார். தரவுத்தளத்தைப் பொறுத்தவரை 'செல்வி ஜி' ஒருவர், 'கோவிந்தன் எஸ்' இன்னொருவர். அவருடைய பாதி உழைப்பு அவர் அப்பாவின் பெயரில் போய்விட்டது. திருமணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றும் பெண்களுக்கு மூன்றாவதாக ஓர் ஆள் பிறக்கிறார். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைப் பட்டியல் கேட்கும் நாளில்தான் அவர்களுக்கே இது தெரியவருகிறது.

முதல் கட்டுரை எழுதும் முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து, வாழ்நாள் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். அன்றே ஆய்வாளர்களுக்கான தனி அடையாள எண்ணான ஆர்கிட் எண் எடுத்துவிடுங்கள். 16 இலக்கம், இலவசம், 2012-லிருந்து நடைமுறையில் இருக்கிறது. பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது. கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் மாணவிகளிடம் இதை நான் இரண்டு தடவை சொல்வேன்.

மற்றவர்களின் பெயரைச் சுட்டும்போது ஊகிக்கவே கூடாது. தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் எது இனிஷியல், எது பெயர் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது, அதனால் நாமே திருத்திவிடத் தோன்றும். ஆனால் ஜர்னலின் பக்கத்தில் அந்தக் கட்டுரை எந்தப் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். அங்கே அப்பா பெயர் குடும்பப் பெயராக இருந்தால் நம் பட்டியலிலும் அப்படியே. நாம் திருத்தினால் தேடுபவருக்குக் கட்டுரை கிடைக்காது, அவருடைய சைட்டேஷன் கணக்கிலும் அது சேராது.

அடுத்து வடஆற்காடு. நம் ஊரைப் பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடுபவர்கள் ஆங்கிலத்தில் வேலூர் என்று மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பெரிசா இல்ல மேடம்" என்று திரும்பி வருவார்கள். நார்த் ஆற்காடு என்று போட்டுப் பாருங்கள். பசுமைப் புரட்சி நெல் விவசாயிகளை எப்படி மாற்றியது என்று ஹேசலும் ராமசாமியும் 1991-ல் வெளியிட்ட ஆய்வு இந்த மாவட்டத்தைப் பற்றியது. மாவட்ட அளவில் நோய்க் கண்காணிப்பு எப்படிச் செய்யலாம் என்று சிஎம்சியின் டி. ஜேக்கப் ஜான் குழுவினர் 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதியதும் வடஆற்காட்டு அனுபவத்தை வைத்துத்தான். இன்னும் பின்னால் போனால் ஆர்தர் காக்ஸின் 1881-ஆம் ஆண்டு மாவட்டக் கையேடு.

1989-ல் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனியானது. 2019-ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம், வாலாஜாபேட்டை ராணிப்பேட்டை மாவட்டம். ரெஃபரன்ஸில் இதற்கு ஒரே விதிதான்: தலைப்பும் பதிப்பிடமும் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். 2010-ல் வந்த கட்டுரையின் தலைப்பில் வாணியம்பாடி, வேலூர் மாவட்டம் என்று இருந்தால் அதைத் திருத்தக் கூடாது. மெட்ராஸ் என்று பதிப்பிடம் இருந்தால் சென்னை என்று மாற்றக் கூடாது. விளக்கம் சொல்ல வேண்டிய இடம் கட்டுரையின் உடல் பகுதி. ஆய்வுப் பகுதியை விவரிக்கும் பத்தியில், எந்த ஆண்டு வரை எந்தப் பெயர் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். வெறும் பெயர்ப் பிரச்சினை இல்லை இது. 1985-ன் வடஆற்காட்டுப் புள்ளிவிவரத்தில் செய்யாறும் ஆரணியும் அடக்கம். அதை இன்றைய வேலூர் மாவட்ட எண்ணோடு நேராக ஒப்பிட்டால் முடிவே பிழையாகிவிடும்.

தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி எழுதுபவர்கள் எல்லோரும் வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் வழக்கைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். சுத்திகரிக்காத கழிவு பாலாற்றில் கலப்பதை எதிர்த்து இங்கிருந்து போன மனு அது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்திய மண்ணின் சட்டம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று சொன்னது. ஆனால் நான் பார்க்கும் மேனுஸ்கிரிப்டுகளில் இந்தத் தீர்ப்புக்கு ஆதாரமாக ஏதோ ஒரு மதிப்பாய்வுக் கட்டுரையைப் போட்டிருப்பார்கள், அல்லது செய்தித்தாளை.

தீர்ப்பையே சுட்டுங்கள். வழக்கின் இரு தரப்புப் பெயர், அதாவது வேலூர் சிட்டிசன்ஸ் வெல்ஃபேர் ஃபோரம் எதிர் யூனியன் ஆஃப் இந்தியா. அப்புறம் அடைப்புக்குள் 1996, 5 எஸ்சிசி 647. எஸ்சிசி என்பது சுப்ரீம் கோர்ட் கேசஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு, 5 அதன் தொகுதி, 647 பக்கம். இதே தீர்ப்பு ஏஐஆர் தொகுப்பில் 1996 எஸ்சி 2715 என்று இருக்கும். இரண்டையும் தனித்தனி ஆதாரங்களாகப் போட்டவர்கள் உண்டு, ஒன்று போதும். வெளிநாட்டு வாசகருக்கு எஸ்சிசி புரியாது என்பதால் இந்திய உச்ச நீதிமன்றம் என்று கூடவே எழுதிவிடுவது நல்லது. ஜோட்டெரோவில் வழக்குக்கென்று தனி வகை இருக்கிறது, ஆனால் வான்கூவர் ஸ்டைலில் அது தருவது அரைகுறையாக இருக்கும். கடைசிப் பிரதியில் கையால் திருத்தத் தயாராக இருங்கள். தீர்ப்பைப் படிக்கும்போது, அதில் மாவட்டத்தின் பெயர் வடஆற்காடு அம்பேத்கர் என்று இருப்பதையும் பார்ப்பீர்கள்.

குடிநீர்த் தரத்துக்கும் இதே அக்கறை தேவை. மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்ற வரம்புக்கு இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 10500-ஐச் சுட்டுகிறோம். நடப்பில் இருக்கும் திருத்தம் 2012. பலர் 1991 பதிப்பைச் சுட்டுகிறார்கள், வேறொரு கட்டுரையின் பட்டியலிலிருந்து எடுத்தால் அப்படித்தான் ஆகும்.

அப்படி எடுப்பது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு மாணவர்களிடம் நான் சொல்வது இரண்டு கதை. எல்சவியர் தன் ஆசிரியர் வழிகாட்டியில், வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக வான் டெர் கியர் முதலானோர், 2000 என்று ஒரு மாதிரி ஆதாரத்தை வைத்திருந்தது. அப்படி ஒரு கட்டுரையே இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 400 ஆய்வுகள் அதைச் சுட்டியிருந்தன என்று 2017-ல் ஆன்-வில் ஹார்சிங் என்ற பேராசிரியை எழுதினார். வார்ப்புருவில் இருந்ததை அழிக்காமல் அனுப்பியவர்களே அதில் நிறையப் பேர்.

இரண்டாவது, விளைவு கொடியது. 1980-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஐந்து வாக்கியங்களில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஓபியாய்டு (அபின் வகை) வலி மருந்து பெற்றவர்களிடம் அடிமைத்தனம் அரிது என்றது. 2017-ல் அதே ஜர்னலில் வந்த ஆய்வு, அந்தக் கடிதத்தைச் சுட்டிய 608 கட்டுரைகளை எடுத்துப் பார்த்தது. அவற்றில் 72 சதவீதம் அதை ஓபியாய்டு பெறுபவர்களிடம் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாகக் காட்டியிருந்தன. மருத்துவமனை நோயாளிகள் என்ற விவரத்தைப் பெரும்பாலோர் விட்டுவிட்டார்கள். அமெரிக்காவின் ஓபியாய்டு நெருக்கடிக்கு இதுவும் ஒரு பங்கு என்கிறது அந்த ஆய்வு. ஐந்து வாக்கியத்தைப் படிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

அதனால் என் மாணவர்களுக்கு நான் வைத்திருக்கும் வழக்கம் இது. பட்டியலில் இருக்கும் ஒவ்வொன்றின் பிடிஎஃப்பும் ஜோட்டெரோவில் இணைந்திருக்க வேண்டும். நாம் எடுத்தாண்ட வரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று அதிலேயே ஒரு குறிப்பு. மூலம் கிடைக்கவே இல்லையென்றால், இன்னார் எடுத்துக்காட்டியபடி என்று நேர்மையாக எழுதலாம். சாட்ஜிபிடி போன்றவை தரும் ஆதாரங்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆசிரியர் பெயர், ஜர்னல், தொகுதி எல்லாம் அசலைப் போலவே இருக்கும், டிஓஐயைச் சொடுக்கினால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு கட்டுரை திறக்கும். தலைப்பை டிஓஐ பதிவுத் தளமான கிராஸ்ரெஃபின் தேடலில் போட்டு வராத எதையும் பட்டியலில் விடாதீர்கள். பழைய அறிக்கை, புத்தகம், தீர்ப்பு போன்றவை மட்டுமே விதிவிலக்கு. திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது உள்ளே இருந்தால் ஜோட்டெரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும், அதையும் அலட்சியப்படுத்த வேண்டாம்.

தமிழில் உள்ள ஆதாரத்தைச் சுட்டத் தயங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கில ஜர்னலில் தாராளமாகச் சுட்டலாம். தலைப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சதுர அடைப்புக்குள் போட்டு, கடைசியில் மொழி தமிழ் என்று குறிப்பிட்டால் போதும். பொதுப்பணித் துறையின் தமிழ்க் குறிப்பேட்டில் மட்டுமே இருக்கும் ஏரி விவரத்தை, அது தமிழில் இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

அனுப்பும் நாளில், மென்பொருளோடு இணைந்திருக்கும் மூலக் கோப்பை அப்படியே வைத்துவிட்டு, ஒரு நகல் எடுத்து அதில் மட்டும் மென்பொருள் இணைப்பை நீக்குங்கள். கையால் செய்யும் திருத்தங்கள் எல்லாம் அந்த நகலில்தான். ரிவ்யூவர் இன்னும் நான்கு ஆதாரம் சேர்க்கச் சொன்னால் மூலக் கோப்பில் சேர்த்துப் புது நகல் எடுக்கலாம். கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு அச்சுப் படியோடு கேள்விகள் வரும்: 14-ஆம் ஆதாரத்துக்குத் தொகுதி எண் இல்லை, 22-ஆம் ஆதாரம் கட்டுரையில் எங்கும் சுட்டப்படவில்லை என்று. பதில் சொல்லப் பெரும்பாலும் 48 மணி நேரம்தான் தருவார்கள். சமர்ப்பித்தபோது அச்சுக்குக் காத்திருந்த கட்டுரைகளுக்கு இதற்குள் தொகுதி எண் வந்திருக்கும், அவற்றையும் அப்போதே நிரப்பிவிடுங்கள். அச்சுப் படியில் முதலில் பார்க்க வேண்டியது உங்கள் பெயரும் சக ஆசிரியர்களின் பெயரும்: எது இனிஷியல், எது குடும்பப் பெயர் என்று பதிப்பகம் எப்படிப் பிரித்திருக்கிறது என்பதை அந்த இரண்டு நாளுக்குள் சொன்னால் சுலபமாக மாற்றித் தருவார்கள்.